சொந்த யாப்பும் இரவல் அதிகாரமும்

புகலிடம் கோரி அவுஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்த எம்மவரின் வாழ்வு இரண்டு அரசாங்கங்களுக்கு இடையே நகர்கின்றது. விசா பற்றிய முடிவு கன்பராவிலிருந்து வருகின்றது. பிள்ளையின் பாடசாலை, அரசாங்க ஆஸ்பத்திரி, வீதியில் நிற்கும் பொலிஸ்காரர், வாடகை வீட்டுச் சச்சரவைத் தீர்க்கும் நியாயசபை, புகையிரதக் கட்டணம் ஆகியன சிட்னியில் மக்குவாரி வீதியிலும் மெல்பேர்ணில் ஸ்பிரிங் வீதியிலும் அமைந்துள்ள மாநிலப் பாராளுமன்றங்களின் பொறுப்பில் உள்ளன. கன்பரா தலைமை அலுவலகம், மாநிலம் அதன் கிளை என்று எண்ணுவது எமக்கு இயல்பு. எல்லாம் கொழும்பிலிருந்தே வரவேண்டிய நாட்டிற் பிறந்தவர்கள் வேறு எவ்வாறு எண்ணுவர்?

வரலாறு இதற்கு நேர்மாறானது. நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் 1855 ஆம் ஆண்டிலேயே தமக்கெனத் தனித்தனி அரசியல் யாப்புகளைப் பெற்றுவிட்டன. அவுஸ்திரேலியப் பொதுநலவாயம் சிட்னி சென்ரெனியல் பூங்காவிற் பிரகடனஞ் செய்யப்பட்டது 1901 ஜனவரி 1 ஆம் திகதி. மாநில யாப்புகள் மத்திய அரசாங்கத்துக்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து வயது மூத்தவை. பிள்ளைகள் கூடித் தாயைப் பெற்ற விந்தை இது.

கூட்டாட்சி யாப்பின் 106 ஆம், 107 ஆம் பிரிவுகள் இந்த மூப்பை ஏற்றுக்கொள்கின்றன. ஒவ்வொரு மாநிலத்தின் யாப்பும், கூட்டாட்சி யாப்புக்கு அமைவாக, முன்பிருந்தவாறே தொடரும். அந்த மாநிலத்தின் யாப்பே விதித்த முறையில்தான் அது மாற்றப்படலாம் என்பது முதலாவது பிரிவின் பொருள். மத்திக்குத் தனியுரிமையாகக் கொடுக்கப்படாத அல்லது மாநிலங்களிடமிருந்து நீக்கப்படாத அதிகாரங்கள் யாவும் மாநிலப் பாராளுமன்றங்களிடமே எஞ்சி நிற்கும் என்பது இரண்டாவது. சட்டமொழியில் 'தொடரும்' என்ற சொல்லுக்கும் 'வழங்கப்படும்' என்ற சொல்லுக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. தொடர்வது ஏற்கனவே உரியவரிடம் இருந்தது. வழங்கப்பட்டதை வழங்கியவர் திரும்பக் கேட்கலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு முன்மாதிரி அமெரிக்கா. தஸ்மேனியாவின் சட்டமா அதிபராக இருந்த அன்ட்ரூ இங்கிலிஸ் கிளார்க் அமெரிக்க யாப்பின்மீது பெருமதிப்புக் கொண்டவர். 1891 ஆம் ஆண்டு சிட்னி மாநாட்டுக்கென அவர் எழுதிய வரைவில் அந்த யாப்பின் செல்வாக்கு எங்கும் தெரிந்தது. அருகில் கனடாவின் உதாரணமும் இருந்தது. அங்கே 1867 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய அதிகாரத்தை மத்திக்குக் கொடுத்தது. மாகாணச் சட்டங்களை இரத்துச் செய்யும் உரிமையையும், மாகாணத் துணை ஆளுநரை நியமிக்கும் உரிமையையும் மத்திக்கே அளித்தது. அவுஸ்திரேலியர் இரண்டையும் ஆராய்ந்து அமெரிக்க வழியைத் தேர்ந்தனர்.

அமெரிக்காவிலும் மாநில யாப்புகளே மூத்தவை. 1776 ஜனவரியில் நியூ ஹாம்ஷயர் முதல் யாப்பை இயற்றியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் வேர்ஜீனியா தனது உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. சமஷ்டி யாப்பு பிலடெல்பியாவில் வரையப்பட்டது பதினொரு ஆண்டுகள் கழித்து, 1787 இல். 1791 இல் அந்த யாப்புடன் சேர்க்கப்பட்டு உலகப் புகழ்பெற்ற உரிமைச் சாசனம் பெரும்பாலும் மாநிலங்களின் பிரகடனங்களிலிருந்து எடுத்துக் கோக்கப்பட்டது.

இவற்றுள் மசாசூசெற்ஸின் கதை தனித்துவமானது. 1778 இல் அம்மாநிலச் சட்டமன்றம் தானே ஒரு யாப்பை எழுதி மக்களின் முன் வைத்தது. ஊர்க்கூட்டங்கள் அதனை நிராகரித்தன. உரிமைச் சாசனம் இல்லை என்பது ஒரு குறை. சட்டமன்றம் தன்னைக் கட்டுப்படுத்தும் விதியைத் தானே எழுதலாகாது என்பது மற்றொன்று. பின்னர் யாப்பு எழுதுவதற்கென்றே தனிப் பேராயம் ஒன்று தெரிவுசெய்யப்பட்டது. வரைவின் பெரும்பகுதியை ஜோன் அடம்ஸ் எழுதினார். 1780 இல் மக்கள் அதனை ஏற்றனர். திருத்தங்களுடன் அந்த யாப்பு இன்றும் நடைமுறையில் உள்ளது. மனிதர் யாவரும் பிறப்பாற் சுதந்திரரும் சமமானவரும் என்ற அதன் முதல் விதியை வைத்து 1783 அளவில் மசாசூசெற்ஸ் நீதிமன்றம் அடிமை முறைக்கு முடிவு கட்டியது. சமஷ்டி யாப்பு அதே காரியத்தைச் செய்ய 1865 வரை, ஓர் உள்நாட்டுப் போர் முடியும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

இவையெல்லாம் பழங்கதை என்று கருதவேண்டியதில்லை. கருக்கலைப்புரிமைக்குச் சமஷ்டி யாப்பில் இடமில்லை என அமெரிக்க உயர் நீதிமன்றம் 2022 ஜூன் மாதத்தில் தீர்ப்பளித்தது. கன்சாஸ் மாநில நீதிமன்றமோ 2019 இலேயே அவ்வுரிமை மாநில யாப்பில் உண்டு எனக் கூறியிருந்தது. அதனை நீக்கும் திருத்தம் 2022 ஆகஸ்டில் கன்சாஸ் மக்களின் வாக்குக்கு விடப்பட்டபோது அவர்கள் மறுத்துவிட்டனர். பழைமைவாதத்துக்குப் பெயர்போன மாநிலம் அது.

இனி எமது அயலுக்கு வருவோம். மாநில யாப்பு எவ்வளவு உறுதியானது என்பதைச் சிட்னி மக்கள் கண்டுகொண்டது ஜாக் லாங் என்ற தொழிற்கட்சி முதலமைச்சரின் காலத்தில். நியூ சவுத் வேல்ஸ் மேற்சபையை ஒழிக்க அவர் உறுதிபூண்டார். சபையை ஒழிக்க வாக்களிப்பதற்கென்றே இருபத்தைந்து புதிய உறுப்பினர்களை நியமிக்கச் செய்தார். 1926 இல் வாக்கெடுப்பு வந்தபோது அவர்களிற் சிலரின் துணை அவருக்குக் கிட்டவில்லை, மசோதா தோற்றது. ஆசனம் இனித்துவிட்டது போலும். பின்வந்த தோமஸ் பவின் அரசாங்கம் 1929 இல் யாப்பில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மேற்சபையை ஒழிப்பதாயின் மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். அந்தப் பிரிவை நீக்குவதாயினும் மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்பது விதி. பூட்டைப் பூட்டி, திறப்பையும் மக்களிடம் கொடுத்த செயல் அது.

1930 ஒக்டோபரில் லாங் மீண்டும் தேர்தலில் வென்றார். மக்களிடம் செல்லாமலே பிரிவு 7ஏயை நீக்கவும் சபையை ஒழிக்கவும் இரண்டு மசோதாக்கள் நிறைவேறின. மேற்சபை உறுப்பினர் றெதோவனும் மற்றொருவரும் நீதிமன்றம் சென்றனர். மாநில நீதிமன்றமும், 1931 இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றமும், 1932 இல் இலண்டன் கோமறைக் கழகமும் ஒரே முடிவுக்கு வந்தன. பாராளுமன்றம் தனக்கே விதித்த நடைமுறையைத் தானே மீறமுடியாது. பின்னர் 1961 இல் மேற்சபையை ஒழிக்கலாமா என்ற கேள்வி முறைப்படி மக்களிடம் வந்தது. மக்கள் மறுத்தனர். 1978 இல் அச்சபையை நேரடியாக மக்களே தெரிவுசெய்யும் திருத்தத்துக்கு அதே மக்கள் ஒப்புதல் அளித்தனர்.

தமிழ்நாட்டின் மேலவைக்கு நேர்ந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சட்டசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது, டில்லி ஒரு சட்டம் இயற்றியது, 1986 நவம்பர் 1 ஆம் திகதி மேலவை மறைந்தது. மக்களிடம் எவரும் கேட்கவில்லை. அதனை மீண்டும் அமைக்க விரும்பிய பிற்கால அரசுகள் டில்லியின் வாசலிற் காத்திருக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுக்கென்று தனி யாப்பு இல்லை. இந்திய யாப்பின் ஒரு பகுதியே மாநிலங்களின் ஆட்சிமுறையை விதிக்கின்றது. இந்தியாவில் தனி யாப்பு வைத்திருந்த ஒரே மாநிலம் ஜம்மு காஷ்மீர். 1957 இல் நடைமுறைக்கு வந்த அந்த யாப்பு 2019 ஆகஸ்டில் டில்லியின் நடவடிக்கையாற் செயலிழந்தது. அவ்வேளையில் அங்கு தெரிவுசெய்யப்பட்ட சட்டசபையே இருக்கவில்லை.

லாங்கின் கதைக்கு ஓர் இருண்ட முடிவும் உண்டு. கடன்வட்டி விவகாரத்தில் மத்திய அரசாங்கத்தோடு மோதிய அவரை 1932 மே 13 ஆம் திகதி ஆளுநர் சேர் பிலிப் கேம் பதவி நீக்கினார். ஆளுநர் என்ற கதிரையின் ஆபத்தை எமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் குறிக்கவேண்டும். 1986 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாச் சட்டத்தின்படி மாநில ஆளுநரின் நியமனம் பற்றி முடிக்கு ஆலோசனை கூறுபவர் மாநில முதலமைச்சர். பிரதமருக்கு அதிற் பங்கில்லை. சென்னைக்கு ஆளுநரை டில்லி அனுப்புகின்றது. யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பிலிருந்து சனாதிபதி அனுப்புகின்றார். மக்குவாரி வீதிக்குக் கன்பரா எவரையும் அனுப்புவதில்லை.

மாநிலங்கள் சர்வ வல்லமை படைத்தவை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. மத்திய சட்டமும் மாநிலச் சட்டமும் முரண்பட்டால் 109 ஆம் பிரிவின்படி மத்திய சட்டமே வெல்லும். 1942 இல் வருமானவரி மத்தியின் கைக்குப் போனது முதல் மாநிலங்கள் பணத்துக்குக் கன்பராவின் முகம் பார்க்கின்றன. மாநில யாப்பின் பெரும்பகுதியும் சாதாரண சட்டம்போல மாற்றத்தக்கதே. பூட்டிய பிரிவுகள் சிலவே. விக்டோரியா அவற்றைச் சற்று விரிவாக்கியிருக்கின்றது. குடிநீர் விநியோகம் பொதுவுடைமையாக இருக்கவேண்டும் என்பதை 2003 இலும், நிலத்தடிப் பாறையை உடைத்து எரிவாயு எடுப்பதற்கான தடையை 2021 இலும் தனது யாப்பிற் பதித்தது. யாப்பு என்றாற் கொடியும் கீதமும் என நினைப்போருக்குத் தண்ணீர்க் குழாயும் யாப்பில் இடம்பெறுவது வியப்பாக இருக்கும்.

சொந்த யாப்பு இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேற்றுமையை இந்த நாட்டிலேயே காணலாம். அதற்கு டார்வினுக்குப் போகவேண்டும். தடுப்பு முகாம்களின் வழியாக அந்நகரை அறிந்த எம்மவர் பலர். அது தலைநகராக உள்ள வட பிராந்தியத்துக்குச் சட்டசபை உண்டு, முதலமைச்சர் உண்டு, அமைச்சரவை உண்டு. வெளிப்பார்வைக்கு ஒரு மாநிலம் போலவே இருக்கும். ஆனால் அதன் சுயாட்சி 1978 இல் கன்பரா இயற்றிய ஒரு சட்டத்தாற் கிடைத்தது. பிராந்தியங்களுக்குச் சட்டம் இயற்ற 122 ஆம் பிரிவு மத்திக்கு முழு அதிகாரம் தருகின்றது.

1995 இல் டார்வின் சட்டசபை, தீராத நோயாளி மருத்துவரின் உதவியோடு தன் உயிரை முடித்துக்கொள்ள அனுமதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் நல்லதா, தீயதா என்பது இங்கே ஆராயப்படும் விடயமன்று. 1997 மார்ச்சில் கன்பரா ஒரு சட்டத்தால் அதனைச் செயலிழக்கச் செய்ததுடன், அவ்விடயத்திற் சட்டம் இயற்றும் அதிகாரத்தையும் பிராந்தியங்களிடமிருந்து பறித்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2017 இல், விக்டோரியா அதேவகைச் சட்டத்தை இயற்றியது. நியூ சவுத் வேல்ஸ் 2022 இல் இயற்றியது. அவற்றை அவ்வாறு துடைத்தெறியக் கன்பராவிடம் அதிகாரம் இருக்கவில்லை. பிராந்தியங்களுக்குப் பறிக்கப்பட்ட அதிகாரம் 2022 டிசம்பரில் மீண்டது. அதுவும் கன்பரா மனமிரங்கியதால். நோர்போக் தீவின் நிலை இன்னும் மோசம். 1979 முதல் சுயாட்சி நடத்திய அத்தீவின் சட்டசபையை 2015 இல் கன்பரா ஒரு சட்டத்தால் ஒழித்தது.

எமது மாகாணசபை நியூ சவுத் வேல்ஸின் இனத்தைச் சேர்ந்ததா, வட பிராந்தியத்தின் இனத்தைச் சேர்ந்ததா? பதின்மூன்றாவது திருத்தம் பற்றி ஆயிரம் கட்டுரைகள் வெளிவந்துள்ளன. இந்தக் கேள்வியைக் கேட்டால் விடை சுருக்கமாகவே கிடைக்கும்.

1987 நவம்பரிற் சட்டமான அத்திருத்தத்தை ஆராய இலங்கை உயர் நீதிமன்றத்தில் ஒன்பது நீதியரசர்கள் அமர்ந்தனர். அவர்களுடைய கருத்து இரண்டுபட்டது. திருத்தத்தைக் காப்பாற்றிய தரப்பு கூறிய நியாயம் கவனிக்கத்தக்கது. மாகாணசபைகள் பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டவை, ஆகவே ஒற்றையாட்சிக்குப் பங்கமில்லை என்பதே அது. கீழ்ப்பட்டது என்பதாலேயே அதற்கு உயிர் கிடைத்தது. மாகாணங்களின் அதிகாரத்தை மாற்றும் மசோதா அம்மாகாணசபைகளின் கருத்துக்கு அனுப்பப்படவேண்டும் என 154 ஜீ பிரிவு கூறுகின்றது. சபைகள் மறுத்தாலும் பாராளுமன்றத்தின் மூன்றிலிரண்டு பெரும்பான்மை போதும். மறுத்த மாகாணத்தின் மக்களிடம் கேட்கவேண்டிய அவசியமில்லை.

2012 இல் திவிநெகும மசோதா வந்தபோது இந்தப் பிரிவு ஒருமுறை உயிர்பெற்றது. மசோதாவை எல்லா மாகாணசபைகளுக்கும் அனுப்பவேண்டும் என்றது நீதிமன்றம். வடக்கில் அப்போது தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லை. ஆளுநரே சம்மதம் தெரிவித்தார். மக்கள் தெரிவுசெய்த சபையின் இடத்தில் ஆளுநர் நின்று சம்மதிக்க முடியாது என்றது நீதிமன்றம். 2013 ஜனவரி முற்பகுதியில் மசோதா மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு நிறைவேறியது. அதே மாதம் 11 ஆம் திகதி பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான குற்றப்பிரேரணையையும் பாராளுமன்றம் நிறைவேற்றியது. மாகாணத்தின் பூட்டைக் காத்த நீதிமன்றத்துக்கு நேர்ந்தது அது.

வடக்குக் கிழக்கு இணைப்பின் கதையும் இதே இனம். இணைத்தது 1988 இல் சனாதிபதியின் பிரகடனம். பிரித்தது 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. கிழக்கு மக்களிடம் கேட்பதாகச் சொல்லப்பட்ட வாக்கெடுப்பு ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டு நடைபெறாமலே போயிற்று.

தேர்தலின் கதை மேலும் எளியது. நியூ சவுத் வேல்ஸ் மக்கள் 1995 இல் வாக்கெடுப்பு மூலம் தம் பாராளுமன்றத்தின் நான்காண்டுத் தவணையை யாப்பிற் பூட்டினர். நான்காண்டுக்கு ஒருமுறை மார்ச் மாதத்தின் நான்காவது சனிக்கிழமை தேர்தல் வரும். விக்டோரியாவில் நவம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. கன்பராவுக்கு எவர் பிரதமரானாலும் அந்தச் சனிக்கிழமையை அவராற் தள்ளிவைக்க முடியாது. வட மாகாணசபை 2013 செப்டம்பரிற் தெரிவுசெய்யப்பட்டு 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. எல்லை மீள்நிர்ணயம் முடியவில்லை என்ற காரணத்தைக் காட்டி, 2024 ஆம் ஆண்டு முடியும்வரை நாட்டின் எந்த மாகாணத்துக்கும் தேர்தல் வைக்கப்படவில்லை. ஒரு சபையை ஒழிக்கச் சட்டம் வேண்டியதில்லை. தேர்தலை மறந்தாற் போதும்.

எமது அரசியல்வாதிகளும் ஆய்வாளரும் சொற்களுக்காகச் செலவிட்ட காலம் கொஞ்சமன்று. 2017 செப்டம்பரில் வெளிவந்த இடைக்கால அறிக்கையின் 'ஏக்கிய ராஜ்ய', 'ஒருமித்த நாடு' என்ற இரு சொற்றொடர்களை வைத்து மாதக்கணக்கில் வாதிட்டோம். சமஷ்டி என்ற சொல் அவுஸ்திரேலிய யாப்பிலும் அரிதாகவே வரும். அமெரிக்க யாப்பில் அது இல்லவே இல்லை. யாப்பைத் திருத்த எவரின் சம்மதம் வேண்டும், ஆளுநரை நியமிக்க ஆலோசனை கூறுபவர் எவர், தேர்தல் நாளை நிர்ணயிப்பது எது என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை கேட்டிருந்தால் அந்த அறிக்கையின் பெறுமதி ஒரு வாரத்திலே தெரிந்திருக்கும் என்பது எமது கருத்து.

1933 ஏப்ரலில் மேற்கு அவுஸ்திரேலிய மக்கள் பொதுநலவாயத்திலிருந்து பிரிந்து செல்ல மூன்றில் இரண்டு பங்களவில் வாக்களித்தனர். அதே நாளில், பிரிவினையை எதிர்த்த தொழிற்கட்சியையே மாநில ஆட்சிக்கும் தெரிவுசெய்தனர் என்பது வேடிக்கை. மனு இலண்டனுக்குச் சென்றது. 1935 இல் பிரித்தானியப் பாராளுமன்றக் குழு அதனை ஏற்க மறுத்தது. விடயம் அவ்வளவில் ஓய்ந்தது. பிரிவினை கேட்டதற்காக அம்மாநிலத்துக்குப் படை அனுப்பப்படவில்லை. 1983 ஆகஸ்டில் இலங்கை நிறைவேற்றிய ஆறாவது திருத்தத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இத்துடன் நிறுத்தினால் பாதி உண்மையைச் சொன்னதாகவே முடியும். மாநிலத்துக்குச் சொந்த யாப்பு இருப்பது அம்மாநிலத்துக்குள் வாழும் சிறுபான்மையினருக்குக் கேடாகவும் முடியலாம். அலபாமா தனது 1901 ஆம் ஆண்டு யாப்பை எழுதியதன் நோக்கமே கறுப்பின மக்களின் வாக்கைப் பறிப்பது. எழுத்தறிவுப் பரீட்சை, தலைவரி, சொத்துத் தகைமை என ஒவ்வொரு விதியும் அதற்கென்றே செதுக்கப்பட்டது. மாநில உரிமை என்ற அழகிய சொல் அமெரிக்கத் தென்பகுதியில் நூறாண்டுக்கு மேல் அடிமை முறைக்கும் நிறவெறிக்கும் கவசமாயிற்று. அதனை உடைத்தவை மத்திய நீதிமன்றங்களும் மத்திய சட்டங்களும்.

அவுஸ்திரேலியாவிலும் அப்படியொரு நாள் வந்தது. ரொறஸ் நீரிணையின் மரே தீவு மக்களுக்காக எடி மாபோவும் ஏனையோரும் காணியுரிமை வழக்குத் தொடுத்தபோது, வழக்கையே இல்லாமற் செய்யக் குயின்ஸ்லாந்துப் பாராளுமன்றம் 1985 இல் ஒரு சட்டம் இயற்றியது. தீவு மக்களுக்கு ஏதும் உரிமை இருந்திருந்தால் அது நட்டஈடின்றி ஒழிந்தது என்றது அச்சட்டம். குயின்ஸ்லாந்தில் அதனைத் தடுக்க மேற்சபையும் இல்லை. 1922 இலேயே அது ஒழிக்கப்பட்டிருந்தது. 1988 இல் உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற வாக்கில் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. அதற்கு ஆயுதமாக இருந்தது கன்பராவின் 1975 ஆம் ஆண்டு இனப் பாகுபாட்டுச் சட்டம். அந்தச் சட்டம் இல்லையேல் 1992 ஜூன் 3 ஆம் திகதி மாபோ தீர்ப்பும் இல்லை.

எமது மண்ணில் ஒரு மாநிலம் அமைந்து அதற்குச் சொந்த யாப்பும் கிடைக்குமாயின், அந்த யாப்பைக் கையில் எடுத்துப் பார்க்கப்போகின்றவர்களில் மன்னாரின் முஸ்லிம் மீனவரும், வவுனியாவிற் குடியேறிய மலையகத் தொழிலாளியும், வெலிஓயாவின் சிங்கள விவசாயியும், கோயில் வாசலிற் தடுக்கப்பட்ட சாதியினரும் இருப்பர். குயின்ஸ்லாந்து மாபோவுக்குச் செய்ய முனைந்ததை எமது சபை அவர்களுக்குச் செய்யாது என்பதற்கு உத்தரவாதம் எந்தப் பிரிவில் இருக்கும், அதனை எந்த நீதிமன்றம் காக்கும்? கொழும்பிலுள்ள நீதிமன்றம் என்றால் எமக்குக் கசக்கின்றது. எமது நீதிமன்றம் மட்டுமே என்றால் அவர்களுக்குக் கசக்கும். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் நடைபெறும் எமது கருத்தரங்குகளில் முதல் அரைப்பகுதி பற்றிப் பேச்சாளருக்குக் குறைவில்லை. இரண்டாவது அரைப்பகுதி வரும்போது தேநீர் வேளையாகிவிடுகின்றது.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணிநேரம். புத்தளத்து முகாம்களிற் பிறந்து வளர்ந்த அவர்களின் பிள்ளைகளுக்கு இப்போது தம் சொந்தப் பிள்ளைகளும் உண்டு. வடக்கின் யாப்பு என ஒரு வரைவு என்றாவது அவர்களின் கைக்குப் போனால், அதிகாரப் பகிர்வு அத்தியாயத்தைத் தாண்டிச் சென்று அவர்கள் முதலிற் தேடப்போவது இந்தப் பிரிவையே.